மிச்சம் பிடித்த எலும்பு

இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ள வரும் நடுவயதுக்காரர்களிடம் இப்போது ஏறக்குறைய மனப்பாடமாக ஒப்பிக்கப்படும் வாதம் ஒன்று உண்டு. குட்டைத் தண்டு வைத்தால் எலும்பு அதிகம் போகாது. எலும்பு மிஞ்சினால் மூட்டு நீண்ட நாள் உழைக்கும். நடையும் இயல்பாக இருக்கும். இருபது வருடம் கழித்து மறுபடி அறுக்க நேர்ந்தாலும் வேலை சுலபம். கேட்பவர் தலையாட்டாமல் என்ன செய்வார்? உடம்பில் வைக்கப்போகும் உலோகம் சிறியதாக இருந்தால் நல்லது என்று யாருக்குத்தான் தோன்றாது?

இவற்றில் முதல் கூற்று உண்மை. மற்ற மூன்றும் இன்றைய நிலையில் நம்பிக்கைகள்தாம். அந்த நம்பிக்கைகள் சான்றுகளைப் போலப் பேசப்படுவதோடுதான் என் சண்டை.

இடுப்பில் இருப்பது பந்து கிண்ண மூட்டு. தேய்ந்தோ, ரத்த ஓட்டம் நின்று சிதைந்தோ போன பந்தை வெட்டியெடுத்து, இடுப்பெலும்பின் குழியில் ஒரு செயற்கைக் கிண்ணத்தைப் பொருத்துகிறார்கள். தொடையெலும்பின் உள்ளே ஒரு உலோகத் தண்டை இறக்கி அதன் தலையில் புதுப் பந்தை மாட்டுகிறார்கள். வழக்கமான தண்டு 13 முதல் 15 செ.மீ. வரை இருக்கும். சுமார் 12 செ.மீ.க்குக் கீழே இருந்தால் குட்டை என்பது பொதுவான கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்குள் அடைக்கப்படும் பொருட்கள் ஒரே குடும்பம் அல்ல. தொடையெலும்பின் கழுத்துக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடும் தண்டு உண்டு. கழுத்தைப் பாதி விட்டுவைத்து வளைந்து இறங்குவது உண்டு. பழைய நீளத் தண்டின் வாலை நறுக்கி விற்பதும் உண்டு. இவை எலும்பைப் பிடிக்கும் விதம் வேறு, பாரத்தைக் கடத்தும் இடம் வேறு, தோற்கும் விதமும் வேறு. 2014ல் ‘ஆக்டா ஆர்த்தோபீடிக்கா’ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அவற்றில் இருந்த தண்டு வகைகள் மட்டும் 19. ஒரு தண்டின் நல்ல முடிவை எடுத்து இன்னொரு தண்டுக்கு நற்சான்றாகக் கொடுக்க முடியாது. மாநாட்டு மேடைகளில் அன்றாடம் நடப்பது அதுதான்.

புதுமை என்ற பெருமையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இத்தாலியில் பிபினோ கழுத்தைக் காப்பாற்றும் தண்டைப் பொருத்தத் தொடங்கியது 1970களின் கடைசியில். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மோரியின் குட்டைத் தண்டு 1980களில் வந்தது. லண்டனில் மைக்கேல் ஃப்ரீமன், கழுத்தை எதற்காக வெட்டியெறிய வேண்டும் என்று 1986லேயே கேட்டார். நாற்பது ஆண்டுக்கும் மேல் உலவுகிற ஒரு யோசனை, தான் மேலானது என்று இன்னும் நிரூபிக்கவில்லை. இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது.

சரி, யோசனையின் வலுவான பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பாரம் ஏறும் இடத்தில் எலும்பு கெட்டிப்படும்; பாரம் விலகிய இடத்தில் மெலியும். பெர்லினில் யூலியுஸ் வோல்ஃப் 1892ல் இதை ஒரு நூலாகவே எழுதினார். நீளமான, விறைப்பான உலோகத் தண்டு உடல் எடையை வாங்கித் தொடையெலும்பின் கீழ்ப் பகுதிக்குக் கடத்திவிடுகிறது. மேல் பகுதிக்கு வேலை இல்லாமல் போகிறது. வருடங்கள் போகப்போக எக்ஸ்ரேயில் அங்கே எலும்பு மெலிந்து தெரியும். குட்டைத் தண்டு பாரத்தை மேலேயே இறக்கி வைப்பதால் மெலிவு குறையும் என்பது எதிர்பார்ப்பு. எலும்பு அடர்த்தியை அளந்த சில ஆய்வுகளில் இது ஓரளவு தெரியவும் செய்கிறது. ஆனால் முழுதாக இல்லை. தண்டின் கழுத்துக்கு உட்புறமாகக் கீழே இருக்கும் எலும்பு, குட்டைத் தண்டு வைத்தவர்களிடமும் மெலியத்தான் செய்கிறது. அளவு சற்றுக் குறைவு, அவ்வளவே.

அதைவிட முக்கியமான கேள்வி வேறு. அந்த மெலிவால் நோயாளிக்கு என்ன ஆனது? பிரான்சில் 1986ல் வந்த கொராய்ல் தண்டு, இங்கிலாந்தின் எக்ஸிடர் தண்டு போன்றவை வழக்கமான நீளத்திலேயே பல பத்தாண்டுகள் உழைத்துக் காட்டியவை. இன்றைய கூம்பு வடிவத் தண்டுகளில், மேல் எலும்பு மெலிந்தது என்ற ஒரே காரணத்துக்காக மறு அறுவைக்குப் போனவர்கள் அபூர்வம். எக்ஸ்ரேயில் தெரியும் சாம்பல் நிறம் ஒரு கவலை; அது நோய் அல்ல. அந்தக் கவலையைத் தீர்த்ததை நோயாளிக்குக் கிடைத்த பலனாகக் கணக்கெழுதக் கூடாது.

நடை, வலி, அன்றாட இயக்கம் ஆகியவற்றில் பலன் உண்டா? குட்டைத் தண்டையும் வழக்கமான தண்டையும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, இயக்க மதிப்பெண்ணில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதே. தொடை வலி குறைகிறது என்று ஒரு வாதம் வரும். சில ஆய்வுகளில் அது இருக்கிறது. ஆனால் தொடை வலிக்குப் பேர்போனவை, குழியை முழுக்க அடைத்துக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும் அந்தக் காலத்துத் தடித்த கோபால்ட்-குரோமியத் தண்டுகள். இன்றைய டைட்டேனியக் கூம்புத் தண்டுகளில் அந்தப் புகார் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓய்வுபெற்ற எதிரியோடு மல்லுக்கட்டி ஜெயித்த கதை இது.

நம் ஊர் நோயாளி கேட்கும் கேள்வியோ மதிப்பெண் பட்டியலில் இருப்பதில்லை. “தரையில சம்மணம் போட்டு உட்காரலாமா டாக்டர்? பாத்ரூம்ல குந்தலாமா?” இந்தக் கேள்விக்கும் குட்டைத் தண்டையே பதிலாக நீட்டுகிறார்கள் சிலர். காலை எவ்வளவு மடக்கலாம், மடக்கும்போது பந்து கிண்ணத்தைவிட்டு நழுவுமா என்பதைத் தீர்மானிப்பவை பந்தின் விட்டம், கிண்ணம் சாய்த்து வைக்கப்பட்ட கோணம், தண்டின் கழுத்து முன்னோக்கித் திரும்பியிருக்கும் அளவு, மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசையும். தொடையெலும்புக்குள்ளே புதைந்து கிடக்கும் தண்டின் வால் நாலு செ.மீ. கூடினால் என்ன, குறைந்தால் என்ன? நழுவலைத் தடுக்கவென்றே யோசித்தவர் பிரான்சின் சான்-எத்தியேனைச் சேர்ந்த ஜில் பூஸ்கே. 1970களில் அவர் செய்த இரட்டை அசைவுக் கிண்ணத்தில் பந்துக்குள் பந்து சுழலும். அவர் கைவைத்தது கிண்ணத்தில். தண்டின் நீளத்தில் அல்ல.

ஆயுள் விஷயத்துக்கு வருவோம். செயற்கை இடுப்பு மூட்டு ஏன் தோற்கிறது? தொற்று, மூட்டு நழுவல், தண்டைச் சுற்றி எலும்பு முறிதல், தண்டோ கிண்ணமோ தளர்ந்துபோதல், உராயும் பரப்பு தேய்தல். எந்த நாட்டுப் பதிவேட்டைப் புரட்டினாலும் பட்டியல் இதுதான், வரிசை மட்டும் மாறும். தொற்றுக்குத் தண்டின் நீளம் தெரியாது. நழுவலைப் பற்றிச் சொல்லியாயிற்று. தேய்வு நடப்பது பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில். மிச்சம் இருப்பவை தளர்வும் முறிவும். இந்த இரண்டிலும் குட்டைத் தண்டு அதிகபட்சம் சாதிக்கக்கூடியது பழைய தண்டுக்குச் சமமாக நிற்பது. ஏனென்றால் நல்ல பழைய தண்டுகளில் தளர்வு ஏற்கெனவே மிகக் குறைவு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014ல் வகுத்த அளவுகோல்படி, பத்தாண்டுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மறு அறுவைக்குப் போகும் மூட்டைப் பரிந்துரைக்கவே கூடாது. பழைய தண்டுகளில் பல இதை எளிதாகத் தாண்டியவை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நுழைந்து இன்னும் மேம்படுத்தியதாகக் காட்ட வேண்டுமானால் பல்லாயிரம் பேரைப் பல பத்தாண்டு பின்தொடர வேண்டும். யாரும் இன்னும் செய்யவில்லை.

மூட்டின் ஆயுளை உண்மையாகவே கூட்டிய மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 1990களின் இறுதியில் கிண்ணத்தின் உட்புற பாலிஎத்திலீனைக் கதிர்வீச்சால் இறுகப் பிணைத்துத் தேய்வைக் குறைத்தார்கள். ஆஸ்திரேலியப் பதிவேட்டில் 16 ஆண்டுக் கணக்கு இது: பழைய பிளாஸ்டிக் வைத்தவர்களில் 11.7 சதவீதம் பேருக்கு மறு அறுவை; புதியது வைத்தவர்களில் 6.2 சதவீதம். ஏறக்குறைய பாதி. சான்று இப்படி இருந்தால் விளம்பரமே தேவைப்படாது. அந்தப் பிளாஸ்டிக் உறையின் பெயரைச் சொல்லி எந்த நோயாளியும் கேட்டு வாங்குவதில்லை. அழகில்லாத பொருள். தண்டுதான் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிறது.

இனி குட்டைத் தண்டை ஆதரிப்பவர்களின் கடைசிக் கோட்டை: அடுத்த அறுவை சுலபம். இதில் நியாயம் இருக்கிறது. குட்டைத் தண்டு தோற்றால் பல நேரங்களில் அதே இடத்தில் ஒரு சாதாரண நீளத் தண்டை இறக்கிவிட முடிகிறது. நாற்பது வயதில், ஸ்டீராய்டாலோ குடியாலோ வேறு காரணத்தாலோ தொடையெலும்பின் பந்து சிதைந்த ஒருவருக்கு இது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. நம் நாட்டில் இடுப்பு மாற்றிக்கொள்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. 2017ல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வின்படி, எழுபது வயதுக்கு மேல் இடுப்பு மாற்றிக்கொண்டவருக்கு வாழ்நாளில் மறு அறுவை வரும் வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆணுக்கு 30 சதவீதத்தை ஒட்டி. எழுபதுக்காரரிடம் ‘அடுத்த அறுவை’ என்று பேசுவது வெறும் வியாபாரம். அவர் வயதில் எலும்பு மெலிந்திருக்கும். சிமென்ட் வைத்துப் பொருத்திய தண்டில்தான் முறிவு குறைவு என்று பல நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. குட்டைத் தண்டுகளோ ஏறக்குறைய எல்லாமே சிமென்ட் இல்லாதவை.

நாற்பதுக்காரருக்கு? அவருக்கும் கணக்கைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாவது, மறு அறுவை என்றாலே தண்டைப் பிடுங்குவது என்று அர்த்தம் இல்லை. பல சமயம் மாற்றப்படுவது கிண்ணமோ அதன் உறையோ. உறுதியாக ஊன்றிய தண்டை அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டாவது, தொற்று வந்து எடுக்க நேர்ந்தால் கிருமி எலும்பைத் தின்னும்போது யார் மிச்சம் பிடித்தது என்று பார்ப்பதில்லை. மூன்றாவதுதான் எனக்கு உறுத்தல். இரண்டாவது அறுவையைச் சுலபமாக்குவதற்காக முதல் அறுவையில் ஒரு புதிய தண்டை ஏற்கிறோம். அந்தப் புதிய தண்டு முதல் முறை தோற்கும் வாய்ப்பைத் துளி கூட்டினாலும் போதும், சேமித்ததெல்லாம் அங்கேயே செலவாகிவிடும். குட்டைத் தண்டு பற்றுவதற்கு உள்ள பரப்பு குறைவு; ஒரு அளவு சிறியதாகத் தேர்ந்தாலோ கொஞ்சம் சாய்வாக இறக்கினாலோ மன்னிக்கும் இடமும் குறைவு. கை பழக நாள் பிடிக்கும் என்று அதை ஆதரிப்பவர்களே எழுதுகிறார்கள். அந்தப் பழகும் நாட்களில் மேசையில் படுத்திருப்பவர் யாரோ ஒருவருடைய அப்பா.

இது கற்பனைப் பயமல்ல. ஜெர்மனியின் மேத்தா தண்டு 2004ல் வந்தது. குட்டைத் தண்டு உட்காரும் கோணத்தை மிஞ்சியிருக்கும் கழுத்தெலும்பே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். திருத்தச் சர்ஜனுக்கு இடம் குறைவு. அதற்காகக் கழற்றி மாட்டும் டைட்டேனியக் கழுத்து ஒன்றைச் சேர்த்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. 2006 நவம்பர் வரை சுமார் 5,000 பேருக்குப் பொருத்தினார்கள். 2009 ஜனவரிக்குள் 68 பேருக்கு அந்தக் கழுத்து உள்ளேயே உடைந்து போயிருந்தது. சராசரியாக இரண்டே ஆண்டில். இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத அசைவு, அதனால் உராய்வு, அதிலிருந்து விரிசல் என்பதுதான் காரணம் என 2010ல் வெளியிட்டார்கள். உடைந்தது குட்டைத்தனம் அல்ல, டைட்டேனியக் கழுத்துதானே என்பார்கள். உண்மைதான், ஒரே துண்டாகச் செய்த மேத்தா பின்னர் நன்றாகவே நடந்துகொண்டது. ஆனால் புதிய தண்டு தனியாக வருவதில்லை. அதன் வடிவம் உண்டாக்கும் சிக்கலைச் சமாளிக்க இன்னொரு புதுமை ஒட்டிக்கொண்டு வருகிறது. எந்த ஒட்டு எப்போது விரிசல் விடும் என்று முன்கூட்டிச் சொன்னவர் யாரும் இல்லை.

சிறிய மாற்றம்தானே என்ற எண்ணத்துக்கு எலும்பியல் பலமுறை விலை கொடுத்திருக்கிறது. எக்ஸிடர் தண்டை 1970ல் உருவாக்கியவர்கள் ராபின் லிங் என்ற சர்ஜனும் கிளைவ் லீ என்ற பொறியாளரும். முதலில் அது கண்ணாடி போல மெருகேற்றியது. 1976ல் மெருகை விட்டுவிட்டு மேற்பரப்பை மங்கலாக்கினார்கள். வடிவம் ஏறக்குறைய அதேதான். தளர்வு கூடியது. 1986ல் மெருகுக்கே திரும்பினார்கள். நீளத்தையும் வளைவையும் பிடிக்கும் இடத்தையும் ஒருசேர மாற்றிவிட்டு, பழையதைப் போலத்தான் இதுவும் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்த வரலாற்றில் நமக்கு நேரடிப் பங்கு உள்ள பக்கம் ஒன்று உண்டு. பந்தை வெட்டாமல் அதன்மேல் உலோகத் தொப்பி மாட்டும் முறையும் ஒரு காலத்தில் இதே சொற்களோடுதான் விற்கப்பட்டது. எலும்பு மிச்சமாகும், இளைஞருக்கு ஏற்றது, ஓடியாடலாம். அந்த அலையில் வந்ததுதான் டிபுய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர். உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்து, சுற்றியிருந்த தசை அழுகியது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்தாயிற்று. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 4,700. ஆஸ்திரேலியாவில் 1999 முதல் நடக்கும் தேசியப் பதிவேடு முன்னரே எச்சரித்ததால் அங்கே 2009லேயே விற்பனை நின்றது. இங்கே அரசு அமைத்த குழுவின் அறிக்கை 2018ல் வெளியே வந்தபோது, பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை.

ஸ்வீடனில் இடுப்பு மூட்டுப் பதிவேடு 1979லிருந்து இருக்கிறது. நார்வேயில் 1987, பிரிட்டனில் 2003, நெதர்லாந்தில் 2007. இந்தியாவில் இடுப்பு மற்றும் முழங்கால் சர்ஜன்கள் சங்கம் நடத்தும் பதிவேடு உண்டு. விருப்பம் உள்ளவர் எழுதலாம், இல்லாதவர் விடலாம். இந்த நிலையில், “என் கையில் குட்டைத் தண்டு நல்ல பலன் தந்திருக்கிறது” என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பொருள்? திரும்பி வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போனவரை எண்ணியது யார்?

குட்டைத் தண்டை ஆதரிப்பவர்களில் கவனமாகப் பேசுபவர்களும் உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்துப் பதிவேடுகளை அவர்கள் காட்டுவார்கள்: இடைக்காலக் கணக்கில் மொத்த மறு அறுவை வீதம் வழக்கமான தண்டை ஒட்டியே இருக்கிறது. பத்தாண்டைக் கடந்த சில மாடல்களும் இப்போது உண்டு. மறுக்கவில்லை. அந்த முடிவு வந்ததே நல்ல எலும்பு உள்ளவர்களைப் பொறுக்கி, பெரும்பாலும் பழகிய கைகள் செய்ததில் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். சமம் என்று வந்த முடிவைச் சமம் என்றே சொல்லுங்கள். பதிவேட்டில் சமமாக இருந்தது, சர்ஜனின் அறைக்குள் வரும்போது மேலானதாகி, விளம்பரப் பலகைக்குப் போகும்போது வாழ்நாள் உத்தரவாதமாகிவிடுகிறது. கூடவே விலையும் ஏறுகிறது. முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்ததே, அந்தக் கத்திரி அன்று இடுப்புக்கு நீளவில்லை.

இன்னொரு வசதியையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். முன்புறமாகச் சிறிய வெட்டுப் போட்டுச் செய்யும் அறுவையில், நீளத் தண்டை நேராக இறக்கக் கோணம் கிடைப்பது கஷ்டம். வளைந்த குட்டைத் தண்டு சுலபமாக நுழையும். நியாயமான காரணம்தான், ஆனால் அது அறுவை செய்பவரின் வசதி. நோயாளியின் எலும்பைக் காப்பாற்றும் தியாகமாக அதைச் சித்திரிக்க வேண்டாம்.

குட்டைத் தண்டு கட்டாயம் வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சிறுவயதில் முறிந்து வளைந்தே கூடிய தொடையெலும்பு உள்ளவர். கீழே பழைய பிளேட்டும் ஸ்குருவும் இருந்து, அவற்றை எடுப்பதே பெரிய அறுவையாகிவிடுபவர். முழங்கால் மாற்றத்தில் வைத்த தண்டு கீழிருந்து ஏறி வந்திருப்பவர். மேலே அகன்று கீழே திடீரென்று குறுகும் எலும்புக் குழியோடு பிறந்தவர். இவர்களுக்கு நீளத் தண்டு இறங்காது. குட்டைத் தண்டு இருப்பது அதிர்ஷ்டம். அவர்களிடம் யாரும் ஆயுள் வாக்குறுதி கொடுக்கத் தேவையில்லை, எக்ஸ்ரேயைக் காட்டினால் போதும்.

மற்றவர்களிடம் சர்ஜன் சொல்ல வேண்டியவை இரண்டு. தண்டின் கம்பெனிப் பெயரும் மாடலும். அந்த மாடல், அதன் அண்ணன் மாடல் அல்ல, எத்தனை ஆண்டுக் கணக்கை எந்த நாட்டுப் பதிவேட்டில் கடந்திருக்கிறது என்பது. அறுவை முடிந்ததும் இம்ப்ளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கர்களில் ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ஏஎஸ்ஆர் வைத்துக்கொண்ட எத்தனையோ பேரிடம் அந்தத் துண்டுக் காகிதம் இருக்கவில்லை.